நாள் தெரியாது, சுவர் தெரியும்

அலிமோனா தீவில் அன்று கப்பலை விட்டு இறங்கியவர்கள் நான்கே பேர். ஏறுவதற்குக் காத்திருந்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல். பெட்டி, மெத்தை, பூனைக்கூண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு நின்றார்கள். இறங்கியவர்களில் இருவர் ராணுவத்தினர், ஒருவர் தபால்காரர். நான்காவது ஆள் இஸ்மினி வஃபியாடு. ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் இருபத்தெட்டு வருடமாக நிலநடுக்கப் பாடம் எடுப்பவள். தோளில் ஒரு துணிப்பை, கையில் சிவப்புப் பெயின்ட் டப்பா.

"நாம ஓடிட்டிருக்கோம், இந்தம்மா உள்ள வருது பாரு" என்றான் வரிசையில் நின்ற ஒருவன்.

"பைத்தியமா இருக்கும், இல்லேன்னா கவர்மென்ட்டா இருக்கும்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

இஸ்மினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நடந்தாள்.

பதினாறு நாளாகத் தீவு ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் சின்ன ஆட்டம்தான். அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுக்கும், நாய் குரைக்கும், பிறகு அடங்கிவிடும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மூன்று முறை அப்படி ஆனால் யாருக்குத் தூக்கம் வரும்? போதாக்குறைக்குத் தொலைக்காட்சியில் ஸ்த்ராதிஸ். அவனும் பேராசிரியன்தான். இஸ்மினியோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்தவன். 'ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிற்றுக்குள் ரிக்டர் ஆறரை அளவில் ஒரு பூகம்பம் வரும்' என்று அவன் சொன்னதை எல்லாச் சேனல்களும் காலையிலிருந்து இரவுவரை ஓட்டின.

அதே சேனல்கள் இஸ்மினியையும் கூப்பிட்டன. எப்போது வரும் என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். வருமா வராதா என்றாவது சொல்லுங்கள் என்றார்கள். அதுவும் தெரியாது என்றாள். நிகழ்ச்சி நடத்தியவர் அவசரமாக விளம்பரத்துக்குப் போய்விட்டார். பத்திரிகைகளில் பதினைந்து வருடமாக எழுதுகிறவள் அவள். தெரிந்ததற்கு மேல் ஒரு வரிகூட எழுதியதில்லை. அதனாலேயே அவளைத் திரும்பக் கூப்பிடும் இடங்கள் குறைவு.

ஊராட்சித் தலைவர் ஸ்தாமதிஸ் படகுத்துறையிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன.

"மேடம், ஊரைக் காலி பண்ணணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தைல சொல்லிடுங்க."

"ஒரே வார்த்தைல சொன்னா அது பொய்யாயிடும், தலைவரே. ஊர் மேப் ஒண்ணு குடுங்க. ஏணி இருக்கா?"

"ஏணியா? ஏணி எதுக்கு?"

"பூமிக்கு உள்ள என்ன நடக்குதுன்னு என்னால எட்டிப் பார்க்க முடியாது. சுவரைப் பார்க்கலாமில்ல?"

மூன்று நாள் ஊர்ப் பொறியாளரோடு தெருத்தெருவாக ஏறி இறங்கினாள். கல்லைத் தட்டிப் பார்த்தாள், விரிசலுக்குள் சாவியை நுழைத்துப் பார்த்தாள், பால்கனிகளின் கீழே போய் அண்ணாந்து நின்றாள். பத்தொன்பது இடங்களில் சிவப்பு வட்டம் விழுந்தது. அவற்றிலேயே மோசமானது துறைமுகத்தில் இருந்த பழைய சுங்கக் கட்டடம். கூரை எப்போதோ போய்விட்டது. முன்பக்கச் சுவர் மட்டும் இரண்டு மாடி உயரத்துக்கு, பின்னால் எந்தப் பிடிப்பும் இல்லாமல், ஒரு சாண் வெளியே சாய்ந்து நின்றது. அதன் நிழலில்தான் எதிரே இருந்த கல்லியோபியின் காபிக்கடை தன் பதினான்கு மேஜைகளைப் போட்டிருந்தது.

சுவர்ப் பக்கம் யாரும் போகாதபடி தடுப்புக் கயிறு கட்டுவதற்கு ஆள் வந்ததும் கல்லியோபி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏம்மா ப்ரொஃபசர், பூகம்பம் எப்ப வரும்?"

"தெரியாதுங்க."

"எவ்வளவு பெருசா வரும்?"

"தெரியாது."

"வருமாவது வருமா?"

"அதுவும் சொல்ல முடியாது."

"ஒண்ணும் தெரியாது, ஆனா என் மேஜையைத் தூக்கணும்னு மட்டும் நல்லாத் தெரியுது! ஈஸ்டர் வாரம் வருது. வருஷம் பூரா நான் உக்காந்து திங்கறதே அந்த ஒரு வாரத்து வருமானத்துலதான். தொலைக்காட்சில அந்த ஆளு தேதியோட சொல்றாரு. நீயும் படிச்சவதானே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இஸ்மினிக்கு முகம் சூடேறியது. தன்னால் ஒரு தேதி சொல்ல முடிந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அந்த நேரத்தில் அவளுக்கே தோன்றியது. பக்கத்தில் ஒரு படகு அலையில் அசைந்துகொண்டிருந்தது. அதைக் காட்டினாள்.

"அது யாரோட படகு?"

"என் தம்பியோடது."

"ஆகஸ்ட்ல வடகாத்து எந்தத் தேதி அடிக்கும்னு உங்க தம்பிக்குத் தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்?"

"அப்புறம் ஏன் ரெண்டு கயிறு போட்டுக் கட்டியிருக்காரு?"

கல்லியோபி கரண்டியை மேஜைமேல் போட்டுவிட்டு, "பதினாலு மேஜையையும் நீயே தூக்கு" என்று உள்ளே போனாள். இஸ்மினி தூக்கினாள். பொறியாளரும் ஒரு கை கொடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணியிலிருந்து அவள் அந்தக் கடைக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார ஆரம்பித்தாள். யாரும் வந்து கேட்கலாம். ஒரு தாளில் இடப்பக்கம் 'தெரிந்தது' என்றும் வலப்பக்கம் 'தெரியாதது' என்றும் எழுதிக் கப்பல் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் ஒட்டினாள். வலப்பக்கம்தான் நீளம். மாதா கோவில் மணிக்கோபுரத்தின் கீழே தூங்கலாமா, கர்ப்பமாக இருக்கும் மகளை ஏதென்ஸுக்கு அனுப்பட்டுமா, கட்டிலை எந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவது என்றெல்லாம் கேட்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஒருநாளும் கேட்காத கேள்விகள். சிலருடைய வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

சனிக்கிழமை மாலை ஸ்த்ராதிஸ் போன் பண்ணினான்.

"இஸ்மினி, நீ அங்கயா இருக்கே? அறிவிருக்காடீ உனக்கு?"

"உனக்கு இருக்கா? எந்தக் கணக்கை வச்சு ஞாயித்துக்கிழமைன்னு சொன்னே?"

ஸ்த்ராதிஸ் குரலைத் தாழ்த்தினான்.

"கணக்கு முழுசா இல்லதான். அந்தப் பழைய பூகம்பத்துல எங்க பெரியம்மா செத்தப்ப எல்லாரும் 'தெரியாது, தெரியாது'ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஜனம் வீட்டுக்குள்ள தூங்கிட்டிருந்துச்சு. இந்தத் தடவை பயந்தாவது வெளிய வரட்டும்னு..."

இஸ்மினி கோபத்தோடு பேச வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவனுடைய பெரியம்மாவை அவளுக்கும் தெரியும். தேர்வு நாட்களில் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள்.

"நாளைக்கு வரலேன்னா அப்புறம் நாம சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க, ஸ்த்ராதிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு வந்தது. குருத்தோலை கட்டினார்கள், மீன் பொரித்தார்கள். பூமி என்றைக்கும் போல லேசாகக் கிணுகிணுத்ததோடு சரி. திங்கட்கிழமைக் கப்பலில் பாதி ஊர் திரும்பி வந்தது. பெட்டியை இறக்கும்போதே திட்டிக்கொண்டு இறங்கினார்கள். அன்று மாலை ஒரு சேனல் சதுக்கத்தில் கேமராவை வைத்து இஸ்மினியை நேரலையில் நிறுத்தியது. ஏதென்ஸில் சேனலின் நிலையத்தில் ஸ்த்ராதிஸ் உட்கார்ந்திருந்தான். ஒரே இரவில் பத்து வயது கூடியது போலிருந்தது.

"பேராசிரியர் அவர்களே, உங்க சக பேராசிரியர் நாட்டையே ஏமாத்திட்டாருன்னு சொல்லலாமா?" என்று கேட்டார் நிகழ்ச்சி நடத்தியவர். குரலில் தேன் வழிந்தது.

ஊரே அவள் வாயைப் பார்த்தது. அவளை 'தெரியாது அம்மா' என்று கேலி செய்த அதே சேனல்தான் அது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நாளை எல்லாப் பத்திரிகையிலும் அவள் படம் வரும்.

"நாள் சொன்னது தப்பு. அதை நான் அவர்கிட்டயே சொல்லிட்டேன். ஆனா இங்க ஆபத்து இருக்குன்னு அவர் சொன்னது தப்பில்ல. நேத்து வரலேங்கறதால இன்னிக்கு ஆபத்து கொறஞ்சிடல. கயிறு அப்படியே இருக்கணும்."

கூட்டத்தில் கூச்சல் கிளம்பியது. "ஈஸ்டருக்கு மூணு நாள் அவுத்து விடுங்க!" என்றார்கள். தலைவர் ஸ்தாமதிஸ் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "மேடம், அடுத்த தேர்தல்ல என்னைத் தோக்கடிச்சிடுவாங்க."

"அவுக்கணும்னா அவுங்க, தலைவரே. அது உங்க அதிகாரம். ஆனா அவுத்தது தப்புன்னு நான் இதே கேமரா முன்னாடி சொல்லுவேன். பரவாயில்லையா?"

ஸ்தாமதிஸ் தலையைச் சொறிந்தார். கயிறு அவிழவில்லை. அந்த ஈஸ்டர் வாரத்தில் இஸ்மினியைப் பார்த்து வணக்கம் சொன்னவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். கல்லியோபி காபி கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை. ஏதென்ஸுக்குத் திரும்பிவிடலாமா என்று இஸ்மினி இரண்டு தடவை பையைக் கட்டி, இரண்டு தடவையும் அவிழ்த்தாள். பத்து மணி ஆனால் மூலை மேஜையில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

ஈஸ்டர் முடிந்து நான்காம் நாள், வியாழக்கிழமை, நண்பகல் பன்னிரண்டே கால். முதலில் ஓசை வந்தது, கீழேயிருந்து லாரி ஒன்று வருவது போல. பிறகு தரை பக்கவாட்டில் இழுத்தது. ஐந்து புள்ளி நான்கு. ஒன்பது விநாடி. கடைக்குள் இருந்தவர்கள் மேஜைகளுக்கு அடியில் போய்விட்டார்கள். இஸ்மினி கல்லியோபியின் தலையைத் தன் கையால் அழுத்திக்கொண்டு கிடந்தாள். புழுதி அடங்கி வெளியே வந்தபோது சுங்கக் கட்டடத்தின் முன்சுவரைக் காணோம். பதினான்கு மேஜைகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இடுப்பளவு கல் கிடந்தது. கயிற்றின் ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கல்லியோபி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல விரல்விட்டு எண்ணினாள். "இந்நேரத்துக்கு நாப்பது பேராவது உக்காந்திருப்பாங்க" என்றாள். இஸ்மினியின் கையைப் பிடித்தவள் விடவில்லை.

ஊரில் யாரும் சாகவில்லை. ஆனால் மேல்தெரு ரொட்டிக்கடையின் புகைபோக்கி விழுந்து, கடைக்காரர் யான்னாகிஸுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. அங்கே சிவப்பு வட்டம் இல்லை.

மாலையில் அதே சேனல் மறுபடி வந்தது. இப்போது 'வீராங்கனை' என்று அறிமுகப்படுத்தினார்கள். இஸ்மினி முதல் கேள்விக்கே காத்திருக்கவில்லை.

"சுவரைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். யான்னாகிஸோட புகைபோக்கியை நான் கவனிக்கல. தினமும் அதுக்குக் கீழ நின்னுதான் ரொட்டி வாங்கினேன். சுவரையே பார்த்துக்கிட்டிருந்ததுல புகைபோக்கி எதையும் நான் சோதிக்கல. இது என் தப்பு. இந்த ஊர்ல இருநூறு புகைபோக்கி இருக்கும். நாளைக்குக் காலைல ஆரம்பிக்கறோம். ஏணி ஏறத் தெரிஞ்சவங்க வரலாம்."

ஏதென்ஸ் நிலையத்தில் இருந்த ஸ்த்ராதிஸ் மைக்கைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனது திரையில் தெரிந்தது. நிகழ்ச்சி நடத்தியவர் திகைத்துப்போனார்.

மறுநாள் காலைக் கப்பலில் அவன் வந்து இறங்கினான். நகரத்துக் காலணி, கசங்கிய கோட். படகுத்துறையில் நின்றவர்கள் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"ஓ, ஞாயித்துக்கிழமைக்காரரா! லேட்டா வந்திருக்கீங்களே" என்றான் கல்லியோபியின் தம்பி.

"ஆமாய்யா, தப்பாத்தான் சொன்னேன்" என்றான் ஸ்த்ராதிஸ், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "திட்டறவங்க ஏணியைப் பிடிச்சுக்கிட்டே திட்டுங்க. எனக்கு உயரம்னா பயம்."

துறையே சிரித்தது. ஒருவர் உண்மையாகவே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேல்தெருவில் முதல் கூரையிலேயே இரண்டு பேராசிரியர்களுக்கும் சண்டை மூண்டுவிட்டது.

"இது நிக்கும்டீ, சுண்ணாம்பு நல்லாத்தான் இருக்கு."

"விரலை விட்டுப் பாருடா, மாவு மாதிரி உதிருது!"

கீழே தெருவில் சனம் கூடி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு, யார் சொல்வது சரி என்று தங்களுக்குள் வாதாடத் தொடங்கியது. கல்லியோபி ஒரு தட்டில் இரண்டு காபி வைத்துக்கொண்டு ஏணியடியில் நின்றாள். அவள் இஸ்மினி பக்கம்.