மரணப் புத்தகத்தில் இல்லாதவன்

ஹார்லோ கவுண்டி என்ற மாவட்டத்தின் பதிவேடுகள் இருந்த நீதிமன்றக் கட்டடம் எரிந்தபோது, நிலப்பத்திரம் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் ஏராளம். கல்யாணப் பதிவு போனதற்கு ஒருவரும் அழவில்லை. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் அவரவர் நேரில் வந்து, சத்தியம் செய்து, மறுபடி எழுதிக்கொள்ள வேண்டும் என்று கவுண்டி அறிவித்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மேசை போட்டுக் குமாஸ்தா டீட்டர் உட்கார்ந்தார். வரிசை வாசல் தாண்டி நின்றது.

“பதிவுதான் எரிஞ்சு போச்சே, இனிமே நீ யாரோ, நான் யாரோ,” என்று முன்னால் நின்றவன் பெண்டாட்டியைச் சீண்டினான்.

“ரொம்ப நல்லதாப் போச்சு. இன்னிக்கு ராத்திரி உன் ரொட்டிய நீயே சுட்டுக்கோ.”

வரிசையே சிரித்தது. டெல்ஃபியா ஸ்ட்ரௌட் மட்டும் சிரிக்கவில்லை. அவள் இரண்டு பிள்ளைகளைப் பதிய வந்திருந்தாள். மூத்தவள் இர்மா. இளையவன் வெண்டல், போன இலையுதிர் காலத்தில் பிறந்து, பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டான்.

இர்மாவை எழுதியாயிற்று. வெண்டல் பிறந்த தேதியையும் எழுதியாயிற்று. டீட்டர் மரணப் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல், “அதையும் சொல்லிடும்மா,” என்றார்.

“அவ்வளவுதாங்க. வேற ஒண்ணும் இல்ல.”

அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்கு நடந்தவரே டீட்டர்தான். அவருக்குத் தெரியாதா? புத்தகத்தை மூடிவிட்டு, “அடுத்தது யாரு?” என்றார். கடமை தவறினார் என்று சொல்கிறவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

திரும்பும் வழியில் அவள் கணவன் ஆமோஸ் குதிரையை அதட்டுவதுபோல் அவளை அதட்டினான். “சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? பொய்ச் சத்தியம்டி அது.”

“பொறந்தான்னுதானே சத்தியம் பண்ணேன்? அது பொய்யா? அந்த நெருப்பு பண்ணின ஒரே நல்ல காரியம், அவன் செத்தான்கிறதை எரிச்சதுதான். மறுபடி என் வாயாலயே அவனைச் சாகடிக்கச் சொல்றியா?”

ஆமோஸ் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த வீட்டில் வெண்டல் என்ற பெயரும் ஒலிக்கவில்லை.

ஆறு வருடம் ஓடிற்று. பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளைகளின் பட்டியலைக் கவுண்டி பிறப்புப் பதிவிலிருந்துதான் எடுத்து அனுப்பும். ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஆசிரியை மிஸ் டன்லப் ஒரு மாலை வேளையில் மூச்சிரைக்க நடந்து வந்தாள். டெல்ஃபியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க பையன் ஏன் இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வரல? திங்கட்கிழமைலேருந்து தினம் பேரைக் கூப்பிடறேன். பதிலே இல்ல. பசங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கறாங்க. உங்க இர்மாவும் வாயைத் திறக்க மாட்டேங்குறா.”

இத்தனை நாளும் இர்மா வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் தூங்கியிருக்கிறாள். டெல்ஃபியா கையிலிருந்த துணியைக் கூடையில் போட்டாள்.

“எப்படிக் கூப்பிட்டீங்க?”

“எப்படின்னா?”

“அங்க கூப்பிட்ட மாதிரியே ஒரு தடவை கூப்பிடுங்க டீச்சர்.”

ஒன்றும் புரியாமல் அந்தப் பெண் வெட்டவெளியைப் பார்த்துக் கூப்பிட்டாள். “வெண்டல் ஸ்ட்ரௌட்!”

தாமதமாக வரும் எந்தப் பையனையும் கூப்பிடும் குரல்தான், கொஞ்சம் எரிச்சலோடு. இதைக் கேட்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தோம் என்று டெல்ஃபியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. குதிரைக் கொட்டிலிலிருந்து ஆமோஸ் ஓடிவந்து நின்றான்.

“அவன் செத்துட்டான் டீச்சர். பொறந்த பத்தாம் நாளே,” என்றாள் டெல்ஃபியா.

மிஸ் டன்லப் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, எனக்குத் தெரியாதுங்க...”

“உங்க மேல தப்பில்ல. நாளைலேருந்து கூப்பிடாதீங்க. இர்மா பாவம்.” பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “காலைல டீட்டர்கிட்ட போய் மீதியையும் எழுதிட்டு வரணும் ஆமோஸ்.”

அவன் திரும்பி நடந்தான். கொட்டில் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.