மடைவாயில் கிடந்த படகு

மீன்பிடிக்கிற முத்துவீரன் தன் படகைத் தண்ணீரில் முக்கியது கெட்ட எண்ணத்தில் இல்லை. கோடையில் மரப்படகைக் கரையில் போட்டால் வெயிலுக்குப் பலகை பிளந்துவிடும். கல்லை ஏற்றித் தண்ணீருக்குள் அமுக்கி வைப்பதுதான் வழக்கம். அந்தப் பங்குனியில் சோழபுரத்துக் கண்மாயில் மடைப் பள்ளத்தில் மட்டும்தான் தண்ணீர் கிடந்தது. அங்கேயே அமுக்கினான். மழைக்கு முன்னால் தூக்கிவிடலாம் என்றிருந்தவனை மஞ்சள் காமாலை பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டது. திரும்பி வந்தபோது கண்மாய் நிறைந்து, படகு ரெண்டு ஆள் ஆழத்தில் மடைவாயை அடைத்துக் கிடந்தது.

மடை ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் பூனை மோண்டது மாதிரி ஒழுகியது. மழை ஓய்ந்துவிட்டது, கீழே நெல் பால் பிடிக்கிற பருவம். நாலு நாளில் தண்ணீர் போகாவிட்டால் அம்புட்டும் பதர். முதல் வயல் குருவம்மாளுடையது. அவள் கரையில் நின்று அவன் பரம்பரையையே இழுத்து வைதாள். டிராக்டரில் வடம் கட்டி இழுத்ததில் வடம்தான் அறுந்தது. முத்துவீரன் தானே முங்கிப் பார்த்தான். காமாலை தின்ற உடம்பு, பாதியிலேயே மூச்சு முட்டி மேலே வந்துவிட்டான்.

கிணற்றில் விழுந்த மோட்டார்களைத் தூக்குகிற சாகுல் ஹமீதை ராஜபாளையத்திலிருந்து அழைத்து வந்தார்கள். அந்தப் படகு போனால் தனக்குக் கூலிவேலைதான் என்று முத்துவீரனுக்குத் தெரியும். இருந்தும் கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

“உடைச்சிருங்க பாய். பயிரு பொழைக்கட்டும்.”

வைதுகொண்டிருந்த குருவம்மாள் வாயை மூடினாள்.

சாகுல் ஹமீது கடப்பாரையைக் கரையில் போட்டார். “உடைச்சா பலகை மடைக்குள்ள போயி அடைச்சுக்கிடும். பொறவு எவன் எடுக்க?”

முங்கினார். ஒரு கல்லோடு வந்தார். மறுபடி முங்கினார். மார்கழிக் குளிரில் பல் கிட்டித்தது, உதடு நீலம் பாரித்தது. முப்பத்தொரு கல்லையும் கரையேற்றிவிட்டு, படகில் வடத்தைக் கட்டிவிட்டு வந்தார். பத்துப் பேர் இழுக்க, சேற்றைவிட்டு எருமை மாதிரி அசைந்து எழுந்தது படகு. ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை. ஷட்டரைத் தூக்கியதும் தண்ணீர் இரைந்துகொண்டு வாய்க்காலில் பாய்ந்தது.

குருவம்மாள் வீட்டுக்கு ஓடி, புருசனின் உலர்ந்த வேட்டியைக் கொண்டுவந்து சாகுல் ஹமீது மேல் போர்த்தினாள். முத்துவீரன் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றான்.

“கும்பிட்டது போதும்ப்பா. இத்துனூண்டு படகுக்கு எதுக்கு இம்புட்டுக் கல்லு? பத்து காணாதா?” என்றார் நடுங்கிக்கொண்டே.

அதற்குப் பிறகு முத்துவீரன் வலையில் விழுகிற முதல் விரால் சைக்கிளில் ராஜபாளையம் போய்விடும். வேண்டாமென்று அவர் ஏசினாலும் போகும்.

அடுத்த பங்குனியில் படகை எங்கே அமுக்குவதென்று அவன் முழித்துக்கொண்டு நின்றபோது குருவம்மாள் கூப்பிட்டுவிட்டாள். வடகரை ஓரம் அவள் ஆள்விட்டுப் பள்ளம் தோண்டி, தன் பம்புசெட்டுத் தண்ணீரை விட்டு நிரப்பியிருந்தாள்.

“எனக்காக அதை உடைக்கச் சொன்னவன்லா நீ. இதுல போடுலே” என்றாள்.

பள்ளத்தின் கரையில் கல் குவிந்திருந்தது. எண்ணிப் பார்த்தான். பத்து.