கடைசித் துண்டை எடுப்பவன்

பைன்ஷாஃப்ட் என்கிற இந்த அமெரிக்கச் சிற்றூரில் பொதுச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் கடைசித் துண்டு மிஞ்சினால் யாரும் எடுக்க மாட்டார்கள். கத்தியை எடுத்துப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் தட்டில் போட்டுக்கொள்வார்கள். அடுத்து வருபவர் மீதிப் பாதியைப் பாதியாக வெட்டுவார். கடைசியில் நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்கு கிடக்கும். அதையும் யாரும் தொடாமல், அது பாத்திரத்தோடு வீட்டுக்குத் திரும்பிப் போகும். நம் வீட்டில் கடைசி அப்பளத்துக்கு நடக்கும் அடிதடியைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வந்த புதிதில் இந்த ஊர் சொர்க்கமாகத் தெரிந்தது.

ஆனால் இவ்வளவு நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒரு ஃபுட்பால் அணி வைத்திருந்தார்கள். நான் சொல்வது காலால் உதைக்கிற ஆட்டம் அல்ல. முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் மோதித் தள்ளுகிற ஆட்டம். வாரம் முழுக்க இரும்புச் சுரங்கத்திலும் மரக்கடையிலும் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை மதியம் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்த அணிக்கு ஒரு தீராத வியாதி. ஊரில் அதற்குக் 'கதவு' என்று பெயர். எதிரணிக்காரன் பந்தை நடுவில், நீளமாக, உயரமாக எறிந்தால் போதும், கதவு திறந்துவிடும். அங்கே எல்லோருக்கும் பின்னால் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று இரண்டு சேஃப்டிகள் நிற்பார்கள். அவர்கள்தான் கடைசிக் காவல். பந்து வரும்போது இருவருமே சரியாக ஓடி வருவார்கள். பந்துக்கு அடியில் வந்ததும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பந்து இருவருக்கும் நடுவில் புகுந்து போகும். எனக்குத் தெரிந்து பைன்ஷாஃப்ட் தோற்ற எல்லா ஆட்டமும் அந்த வழியாகத்தான் தோற்றது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான்தான் படம் எடுப்பவன். அணியின் கோச் ரூடி கொர்பெலாவின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். குடிவந்த அன்று என் கையில் ஒரு கேமராவைப் பார்த்துவிட்டார். மைதானத்தின் ஓரத்தில் ஆட்டம் படம்பிடிப்பதற்கென்று ஓர் இரும்புக் கோபுரம் உண்டு. காற்றடித்தால் அது முனகும். எனக்கு உயரம் என்றால் பயம். முடியாது என்று சொல்வதும் பயம். இரண்டில் எது பெரிய பயம் என்று அன்றே தெரிந்துவிட்டது.

என் பெயரையும் மாற்றிவிட்டார்கள். மதி என்று சொன்னால் 'மட்டி' என்கிறார்கள். இங்கே அது பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் கௌரவமான பெயர். ரூடியின் அப்பா பெயரே அதுதான். அம்மாவிடம் இதை யாரும் சொல்ல வேண்டாம்.

ஒவ்வொரு ஞாயிறும் ரூடி தன் கார் கொட்டகையில் சேஃப்டிகளை உட்காரவைத்து என் படத்தைப் போட்டுக் காட்டுவார். வலப்பக்க சேஃப்டி டேல். இடப்பக்க சேஃப்டி ஆர்வோ ஹைகிலா. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், பூனை குறுக்கே போனால்கூடப் பேருந்தை நிறுத்தி வழிவிடுபவர்.

"ஆர்வோ, இந்தப் பந்தை ஏம்பா விட்டே?"

"டேலுக்கு வர்ற பந்துன்னு நினைச்சேன் கோச். அவனும் ஓடிவந்துட்டான். ஆசையா வர்றவன் கையிலேர்ந்து பிடுங்கினா நல்லாவா இருக்கும்?"

"டேல், நீ?"

"ஆர்வோ பெரியவரு. அவரு எடுத்துப்பாருன்னு..."

ரூடி முகத்தைத் துடைத்துக்கொள்வார். "சரி. அடுத்த தடவை கொஞ்சம் கவனிச்சா நல்லது." இந்த ஊரில் ஒரு கோச் இதற்கு மேல் கத்த முடியாது.

போன ஆகஸ்டில் டேலின் முட்டி போய்விட்டது. அவர் இடத்துக்கு வந்தவன்தான் டோம் ஸ்கார்பெல்லி. நியூ ஜெர்சிக்காரன். ஏழு பிள்ளைகளில் ஆறாவது. நான்கு அணிகள் அவனைச் சேர்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தன. இங்கேயும் சோதனைதான். சீசனின் கடைசி ஆட்டம் சில்வர் ஹார்பருடன். அது முடிந்ததும் ரூடி சேர்த்துக்கொள்வார், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்புவார். சோதனை ஆட்களுக்குச் சட்டை முதுகில் பெயரைத் துணி நாடாவில் எழுதி ஒட்டுவார்கள். சேர்த்துக்கொண்டவர்களுக்கு ரூடியின் மனைவி லெம்பி தன் கையால் பெயரைத் தைத்துக் கொடுப்பார்.

"இதுதான் கடைசி, மட்டி," என்றான் டோம், நாடாவை முதுகில் தடவிப் பார்த்தபடி. "இங்கயும் போச்சுன்னா அண்ணன் கடையில டைல்ஸ் ஒட்டப் போறேன்னு வீட்ல சொல்லிட்டேன். அண்ணன் ஏற்கெனவே என் பேருல முட்டிக்கால் உறை வாங்கி வச்சிருக்கான்."

அவன் வந்த வாரம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அணிக்குச் சாப்பாடு. ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். லெம்பியின் எலுமிச்சை பார், அதாவது புளிப்பும் இனிப்புமான கேக் துண்டுகள், முதலில் காலியாவது வழக்கம். அன்றும் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. பக்கத்தில் கத்தி காத்திருந்தது.

டோம் வந்தான். பார்த்தான். முழுத் துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

கீழ்த்தளமே நின்றுபோனது. யாரோ காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள், அது கோப்பையைத் தாண்டி வழிந்தது. டோம் விரலை நக்கிக்கொண்டு, "பிரமாதம்! இன்னும் இருக்கா?" என்றான்.

லெம்பி பாத்திரத்தின் மூடியை மெல்ல மூடினார். "சரி..." என்றார். "அது வித்தியாசமா இருக்கு."

இந்த ஊர்க்காரர்கள் வாயிலிருந்து வரும் மிகக் கொடிய வசவு அது. பாதிரியார் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் ரூடி என் முழங்கையை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தார்.

"பாத்தியா மட்டி? பாத்தியா? யாரையும் திரும்பிக்கூடப் பாக்கல! கேமரா கொண்டாந்திருக்கியா?"

"இல்லையே கோச்."

"என்ன ஆளுப்பா நீ!"

டோம் வலப்பக்க சேஃப்டியாக நின்ற முதல் ஆட்டத்திலேயே கதவு மூடிக்கொண்டது. பந்து நடுவில் வரும், ஆர்வோ ஓடிவந்து மரியாதையாக நிற்பார். டோம் அவரைத் தாண்டி எகிறிப் பிடுங்கிக்கொண்டு போவான். "என்னோடது! என்னோடது!" என்று அவன் கத்துவது கோபுர உச்சியில் இருக்கும் எனக்கே கேட்கும். வீட்டில் ஆறு பேரைச் சமாளித்த குரல் அது. பைன்ஷாஃப்ட் வரிசையாக ஜெயித்தது.

ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டிலும் கடைசித் துண்டு டோமின் வாய்க்குத்தான் போனது. பெண்கள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. "பையன் நல்லாத்தான் இருக்கான், பாவம், தூரத்து ஊரு," என்றார்கள். எலுமிச்சை பார் வருவது நின்றது. ஒரு வாரம் கடையில் வாங்கிய பிஸ்கட்டை வைத்தார்கள். போர்ப் பிரகடனம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஆர்வோவுக்கு மனசு தாங்கவில்லை. "பையனுக்கு யாரும் சொல்லித் தரல, அவ்வளவுதான்," என்று சொல்லி, தினமும் பேருந்தை நிறுத்தியபின் டோமைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். யாராவது எதையாவது நீட்டினால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை, "அப்ப சரி, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா." டோமுக்கும் ஆசை இருந்தது. லெம்பியின் கை நூல் தன் முதுகில் ஏற வேண்டும் என்றால் லெம்பிக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

சில்வர் ஹார்பர் ஆட்டத்துக்கு முந்தைய நாள் சாப்பாட்டில் எலுமிச்சை பார் திரும்ப வந்தது. ஒரு துண்டு மிஞ்சியது. எல்லோரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் டோமைப் பார்த்தார்கள். டோம் கத்தியை எடுத்தான். துண்டைப் பாதியாக வெட்டினான். பாதியையும் எடுக்காமல், "நீங்க எடுத்துக்கங்க, லெம்பி. எனக்குப் போதும்," என்றான்.

லெம்பியின் கண் கலங்கிவிட்டது. பாதிரியார் டோமின் தோளைத் தட்டினார். ஆர்வோ, சொந்த மகன் பட்டம் வாங்கியதுபோல் நின்றார்.

ரூடி மட்டும் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "முடிஞ்சுது," என்றார் என்னிடம். "கெடுத்துட்டாங்க பையனை."

மறுநாள் கோபுரத்தில் ஏறி, கம்பியை ஒரு கையால் கட்டிக்கொண்டு கேமராவைத் திறந்தேன். சில்வர் ஹார்பரில் நெட்டையாக ஒருவன் இருந்தான். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே பந்து நடுவில், நீளமாக, அவனை நோக்கி வந்தது. ஆர்வோ ஓடிவந்தார். டோம் ஓடிவந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உங்களோடது," என்றான் டோம்.

"அட, இல்லப்பா, நீ எடு."

"இல்லல்ல, நீங்க பெரியவரு..."

நெட்டையன் இருவருக்கும் நடுவில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினான். "தேங்க்ஸ்!" என்று சொல்லிவிட்டு வேறு போனான். கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இன்னொன்று. இடைவேளையில் சில்வர் ஹார்பர் பதினான்கு, நாங்கள் மூன்று. பார்வையாளர் வரிசையில் யாரோ, "கதவு திறந்துடுச்சு" என்றார். மற்றவர்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

உடை மாற்றும் அறைக்குப் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். யாரும் பார்க்கவில்லை. டோம் மூலையில் உட்கார்ந்து முதுகிலிருந்த நாடாவைத் தானே உரித்துக்கொண்டிருந்தான்.

"என்னாச்சுடா?" என்றேன்.

"தெரியல மட்டி. பந்து வருது. கை நீளுது. உடனே மண்டைக்குள்ள ஆர்வோ குரல் கேக்குது. 'முதல் தடவை வேண்டாம்னு சொல்லணும்.' நான் வேண்டாம்னு சொல்றதுக்குள்ள அவன் போயிடுறான்."

"பந்து மூணு தடவையா வரும்?" என்று ரூடி கெஞ்சினார்.

ஆர்வோ தலைக்கவசத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். "சாப்பாட்டுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன் கோச். இது இங்க வரைக்கும் வரும்னு நினைக்கல."

அப்போது கதவைத் தட்டி, திறக்கலாமா என்று கேட்டு, மறுபடி தட்டி, லெம்பி உள்ளே வந்தார். கையில் நேற்றைய பாத்திரம். டோம் வெட்டிய அந்த இரண்டு பாதிகளும் அப்படியே இருந்தன. இரண்டையும் விரலால் தள்ளி ஒட்டவைத்து ஒரே துண்டாக ஆக்கினார்.

"எடு," என்றார்.

டோம் எழுந்து நின்றான். "வேண்டாம், நீங்க..."

"உன்னை நான் கேக்கல. எடுன்னேன்."

டோம் கத்தியைத் தேடினான். லெம்பி பாத்திரத்தில் கிடந்த கத்தியை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வெட்டாதே. யாரையும் பாக்காதே. ஆர்வோ, நீ அந்தப் பக்கம் திரும்பு! சுவத்தைப் பாரு!"

ஆர்வோ சுவரைப் பார்த்தார். அந்த ஊரில் ஒரு பெண் இப்படிக் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. டோம் முழுத் துண்டையும் வாயில் போட்டான். லெம்பி ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பாவம், அவருக்கு அது லேசான காரியமில்லை.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்," என்றான் டோம், வாய் நிறைய. பிறகு, ரொம்ப நாளைக்குப் பின், பழைய குரலில் கேட்டான்: "இன்னும் இருக்கா?"

"ஜெயிச்சுட்டு வா. பாத்திரத்தோட தர்றேன்."

இரண்டாம் பாதியில் கதவு திறக்கவே இல்லை. எங்கள் ஆட்கள் தட்டுத்தடுமாறி பதினேழுக்கு வந்தார்கள். சில்வர் ஹார்பர் இன்னும் பதினான்கில். கடைசிப் பந்து அவர்கள் கையில். ஊரே எழுந்து நின்றது. எல்லோருக்கும் தெரிந்ததுபோலவே பந்து உயர எழும்பி, நடுவில், நீளமாக வந்தது. அது நெட்டையன் கையில் சிக்கினால் டோமுக்கு டைல்ஸ் கடைதான். நான் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்தேன்.

ஆர்வோ ஓடிவந்தார். வாயைத் திறந்தார். "உன்னோ..."

"என்னோடது!"

டோம் ஆர்வோவையே மோதிக் கீழே தள்ளிவிட்டு, அவர் தோள்மேல் கால் வைத்து ஏறாத குறையாக எகிறி, நெட்டையனின் விரலுக்கு முன்னால் பந்தைப் பறித்துக்கொண்டு விழுந்தான்.

நான் இறங்கி ஓடியபோது ஆர்வோ மூக்கில் ரத்தத்தோடு புல்லில் கிடந்தார். "நல்லா இருந்துச்சுப்பா," என்றார் வானத்தைப் பார்த்து.

"மோசமில்லை," என்றார் ரூடி. அதைவிடப் பெரிய பாராட்டு இந்த ஊரில் கிடையாது. சொல்லிவிட்டு அழுதார்.

அன்று மாலை கீழ்த்தளத்தில் லெம்பி ஒரு சட்டையைக் கொண்டுவந்து டோமிடம் நீட்டினார். முதுகில் ஸ்கார்பெல்லி என்று தைத்திருந்தது. எப்போதோ தைத்து மடித்து வைத்துவிட்டார் என்று தெரிந்தது, மடிப்பு அவ்வளவு பழசு. டோம் முதல் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. பறித்துக்கொண்டான்.

பிறகு எலுமிச்சை பார் காலியாகி ஒரு துண்டு மிஞ்சியது. எல்லோரும் டோமைப் பார்த்தார்கள். அவன் வயிற்றைத் தடவினான். "நிஜமாவே முடியாது. தனியா ஒரு பாத்திரம் முழுக்கத் தின்னுட்டேன்."

யாரும் அசையவில்லை. பாதிரியார் கத்தியைப் பார்த்தார். அப்போது மூக்கில் பஞ்சு அடைத்திருந்த ஆர்வோ இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், கையை நீட்டி முழுத் துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

காபி மறுபடி வழிந்தது.

"சரி..." என்றார் லெம்பி. "அது வித்தியாசமா இருக்கு."

ரூடி என் முழங்கையைப் பிடித்தார், அதே இடத்தில். "மட்டி! இந்தத் தடவையாவது படம் எடுத்தியா?"