எல்லோரும் இறங்கும் திட்டு

விடிந்ததும் அன்னக்கிளி செய்யும் முதல் வேலை, ஆற்றில் இறங்கி மணலைப் பார்ப்பது. மாயாறு இன்றைக்கு இருந்த மாதிரி நாளைக்கு இருக்காது. மேலே மின்நிலையத்தில் தண்ணீரைத் திறந்தால் பெருகும், மூடினால் வற்றும். நேற்று பரிசல் போன தடத்தில் இன்று மணல் மேடாகக் கிடக்கும். மூங்கில் கழியை ஊன்றிப் பார்த்து, அன்றைக்குப் போகவேண்டிய வழியை மனதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆட்களை ஏற்றுவாள்.

நீலகிரி மலையின் அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊருக்குப் பாலம் கிடையாது. பஸ் அக்கரையோடு நின்றுவிடும். சந்தைக்குப் போகிற மிளகாய்க் கூடையானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியானாலும் பரிசலில் ஏறித்தான் ஆகவேண்டும்.

அன்னக்கிளி ஆற்றங்கரையில் பிறந்தவள் அல்ல. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். தேயிலைக்கு விலை விழுந்து எஸ்டேட்டில் ஆள் குறைத்தபோது, கணவன் சுரேந்திரனோடு மலையிறங்கி வந்தாள். அவனுக்கு வாழைத்தோட்டத்தில் எப்போதாவது வேலை கிடைத்தது. பரிசல் ஓட்டியவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடவே, ஆள் கிடைக்காமல் தவித்த ஊர் துடுப்பை இவள் கையில் கொடுத்தது. கொழுந்து பறித்த கைக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தவர்கள் உண்டு. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு அவள் பரிசலிலேயே ஏறி உட்கார்ந்தார்கள். ஆனாலும் அது தற்காலிக ஏற்பாடுதான். பரிசலை யாருக்கு விடுவது என்று சித்திரையில் ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். அது கையைவிட்டுப் போனால் அவர்களுக்கு மலையிலும் பிழைப்பில்லை, கீழேயும் பிழைப்பில்லை.

ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. அங்கே பரிசல் தரை தட்டும். எல்லோரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஆளுக்கொரு கை பிடித்துப் பரிசலைத் தள்ளிவிட்டு, திட்டைத் தாண்டியதும் மறுபடி ஏறுவது அந்த ஊர் வழக்கம். ஊர்த்தலைவர் ஆறுக்குட்டி மட்டும் இறங்கமாட்டார். குடையை விரித்துக்கொண்டு நடுவில் அமர்ந்திருப்பார். கூடைக்காரப் பெண்கள் புடவையைச் செருகிக்கொண்டு அவரையும் சேர்த்துத் தள்ளுவார்கள். மனிதர் கெட்டவர் அல்ல. அக்கரைக்கு பஸ் வந்ததே அவர் அலைந்து திரிந்ததால்தான். ஆனால் இறங்குங்கள் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லாததால் அவருக்கும் தோன்றவில்லை. பல பெரிய மனிதர்களை நாம் இப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறோம்.

பங்குனியில் தண்ணீர் வற்றியது. திட்டு அகன்றுபோய், எவ்வளவு தள்ளியும் பரிசல் நகரவில்லை. எல்லோரையும் மறுபடி ஏற்றிக்கொண்டு மடு வழியாக விடு என்றார் ஆறுக்குட்டி. திட்டுக்குக் கீழ்ப்புறம் இருக்கும் ஆழமான பள்ளம் அது. நீர் சுழலும் இடம். நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அன்னக்கிளிக்கும் அது தெரியும். ஆனால் எஸ்டேட்டில் துரையின் ஜீப் வந்தால் பாதையை விட்டுச் செடிக்குள் ஒதுங்கியே வளர்ந்தவள் அவள். யோசிப்பதற்கு முன்பே கை துடுப்பைத் திருப்பிவிட்டது. மடுவில் பரிசல் சுழன்று சாய்ந்தது. விளிம்பில் இருந்த கூடைக்காரி மூக்கம்மா கூடையோடு தண்ணீரில் விழுந்தாள். அன்னக்கிளி நீட்டிய கழியைப் பிடித்துக்கொண்டு அவள் மேலே வந்ததே பெரிய காரியம். ஆறுக்குட்டியோ, அதுதான் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிவிட்டுப் போய் பஸ் ஏறினார்.

அன்னக்கிளிக்கு அவர்மேல் வந்ததைவிடத் தன்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. ஜீப்புக்கு ஒதுங்கிய புத்தி ஆற்றுக்கும் கூடவே வந்துவிட்டதே என்று சுரேந்திரனிடம் சொல்லி அழுதாள். கூட்டம் முடியும்வரை கொஞ்சம் பொறுத்துப் போ என்றான் அவன்.

அடுத்த சந்தை நாள் அதே திட்டில் பரிசல் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். ஆறுக்குட்டி குடைக்கடியில் இருந்தபடியே மடுப் பக்கம் கையைக் காட்டினார். அன்னக்கிளி கழியை மணலில் ஊன்றினாள்.

"மடுவுல உடமாட்டேனுங்க ஐயா. நீங்களும் எறங்குனீங்கன்னா பரிசல் நகரும்."

யாரிடம் பேசுகிறோம் என்று தெரிகிறதா என்று கேட்டார் அவர். சித்திரைக் கூட்டத்தையும் ஞாபகப்படுத்தினார்.

"தெரியுமுங்க. கூட்டத்துல நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. போன தடவ உங்களுக்குப் பயந்துக்கிட்டு மூக்கம்மாக்கா உசுர மடுவுல வெச்சேன். இன்னொருக்கா அதச் செய்யமாட்டேன்."

மூக்கம்மா பரிசல் விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். அக்கரையில் பஸ் ஹாரன் அடித்தது. தனக்காகப் பேச ஒருத்தராவது இருக்கிறார்களா என்று ஆறுக்குட்டி சுற்றிலும் பார்த்தார். கடைசியில் குடையை மடக்கி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். காலடியில் மணல் சரிய, என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறினார். அன்னக்கிளி கழியை நீட்டினாள். பிடித்துக்கொண்டார். பாரம் குறைந்த பரிசல் தானே எழும்பி ஆடியது. எல்லோரோடும் சேர்ந்து அவரும் தள்ளினார்.

இனி பரிசல் அவளுக்கு இல்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. சுரேந்திரன் மேட்டுப்பாளையத்தில் வேலை விசாரிக்க ஆரம்பித்தான். சித்திரையில் கூட்டம் கூடியபோது ஆற்றோரத்திலேயே வளர்ந்த மூக்கன் என்பவனின் பெயரைச் சிலர் சொன்னார்கள். ஆம்பிளை ஓட்டினால்தான் சரி என்றும் சொன்னார்கள். அன்னக்கிளி பின்வரிசையில் நின்றிருந்தாள். எது வந்தாலும் தலைகுனியக் கூடாது என்று வந்திருந்தாள், குனியவுமில்லை. ஆறுக்குட்டி எழுந்தார்.

"மூக்கன் நல்ல பையந்தானுங்க. ஆனா நான் சொன்னா மடுவுல உட்டுருவான். இங்க இருக்கற எல்லாருமே உட்டுருவீங்க. மணல்ல எறங்கி நின்ன அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது, இத்தன நாளும் இந்தப் பொம்பளைகதான் என்னயச் சொமந்திருக்காங்கன்னு. பெரிய மனுசனுக்கு ஒரு வழி, மத்தவங்களுக்கு ஒரு வழின்னு ஓட்டுனா, எல்லாரும் சேந்துதான் முழுகோணும். தலைவனா இருந்தாலும் எறங்குன்னு சொல்ற ஆளுதான் ஊருக்கு வேணும். பரிசல் அன்னக்கிளிக்கே."