புதன்கிழமை ஏற்றம்

பவோராவின் வேனைக் கடல் தின்றதற்குப் பவோராதான் காரணம் என்று எங்கள் வீட்டார் இன்றுவரை நம்புகிறார்கள். அவனும் அப்படித்தான் நம்புகிறான். அதில் பாதிதான் உண்மை. மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பவோரா என் பெரியப்பா மகன். நியூசிலாந்தின் கிழக்குக் கரையில், வாசலுக்கு எதிரே அலை அடிக்கும் ஊரில் வளர்ந்தவன். நான் உள்நாட்டுக்காரன். என் அப்பா ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கத்தி பிடித்தார். அந்த வாடைதான் எங்கள் வீட்டு வாடை. பதினேழு வயதில் நானும் அங்கேதான் போனேன். அதை மூடியபோது பவோரா போன் செய்தான். "ராவிரி, ஆஸ்திரேலியாவுல வேலி போடுற வேலை இருக்குடா. உடம்ப மட்டும் கொண்டா. மத்தது எல்லாம் வேன்ல இருக்கு."

வேனில் இருந்தது இரண்டு மெத்தை, ஒரு அடுப்பு, இரண்டு வாளி. ஒன்று உடம்புக்கும் துணிக்கும், மற்றது சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு. மாற்றித் தொட்டால் சண்டைக்கு வருவான். எங்கள் மாவோரி இனத்து வீடுகளில் எல்லாரும் அப்படித்தான். இரண்டு வருடம் எங்கே வேலையோ அதற்குப் பக்கத்தில் ஒரு ஆற்றங்கரையோ கடற்கரையோ பார்த்து வேனை நிறுத்திப் படுத்தோம். ரேஞ்சர் வந்து விரட்டினால் அடுத்த கரை. பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் படுக்காதே, காற்றே இல்லாத நாளிலும் கிளை முறிந்து விழும் என்று ஒரு லாரிக்காரன் சொன்னான். முதலை உள்ள ஆற்றில் ஒரே இடத்தில் தினமும் தண்ணீர் மொள்ளாதே, மூன்றாம் நாள் அது உனக்கு முன்னால் வந்து காத்திருக்கும் என்று ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் சொன்னார். ஆற்றைப் பற்றி யார் சொன்னாலும் பவோரா காது கொடுத்துக் கேட்பான். கடலைப் பற்றி யாரும் அவனுக்குச் சொல்ல முடியாது.

அந்த மே மாதம் ஹூயா வருவதாக இருந்தது. அவன் மனைவி. அவன் ஆஸ்திரேலியா வந்த முதல் வருடமே, நாடோடியோடு குடும்பம் நடத்த முடியாது என்று அம்மா வீட்டுக்குப் போனவள். போனிலேயே ஒரு வருடம் கெஞ்சி அவளை வரச் சம்மதிக்க வைத்திருந்தான். "ஒரு மாசம் வந்து பாக்கறேன். மனுசன் வாழற மாதிரி இருந்தா இருக்கேன். இல்லேன்னா இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று அவள் சொன்னதை நானும் ஸ்பீக்கரில் கேட்டேன். வியாழக்கிழமை விமானம்.

பவோரா என் மெத்தையைத் தூக்கி வெளியே போட்டான். வேனுக்குள் பலகை அடித்து ஒரு கட்டில் செய்தான். கட்டிலுக்கு அடியில் இழுப்பறைகள், மேலே அவளுடைய புத்தகங்களுக்கு ஒரு தட்டு. பண்ணையில் வெயிலில் நாளெல்லாம் இரும்புக் கம்பம் அடித்துவிட்டு வந்து, இருட்டும்வரை அந்தப் பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பான்.

"கையில சிலாம்பு ஏறிச்சுன்னா அவ திரும்பிப் போயிருவாடா" என்பான்.

"உன் மூஞ்சியப் பாத்தே போகாதவ, சிலாம்புக்கா போகப்போறா?"

"நீ டென்ட்ல படுத்துக்க. கொஞ்சம் தள்ளியே போட்டுக்க. உன் குறட்டைக்கு அவ பழகல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். ஆனால் என் மெத்தை மணலில் கிடந்தது.

இடம் பார்த்தது அவன்தான். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில், ப்ரூம் நகரத்துக்குத் தெற்கே ஒரு ஓடை கடலில் சேரும் இடம். செம்பாறைகள் சுவர் மாதிரி நின்றதால் மேலே பாதையில் போகும் ரேஞ்சருக்கு வேன் தெரியாது. ஹூயா வருவதற்கு ஒரு வாரம் முன்னால், நாங்கள் வந்த வியாழக்கிழமை கடல் எங்கேயோ இருந்தது. ஈரக் களை வரிசையாகக் கிடந்த கோட்டைக் காட்டினான்.

"இதுதான் தண்ணி ஏறுற கோடு. நாம அதுக்கு மேல எண்பதடி தள்ளி நிக்கறோம். எங்க ஊர்ல இருபதடி தள்ளி நிப்போம்."

பாறையடியில், எங்களுக்கு இன்னும் மேலே, காய்ந்து கருத்த களையும் மரத்துண்டும் ஒரு கோடாகக் கிடந்தன. அதைக் காட்டினேன்.

"அது புயல் கொண்டுவந்து போட்ட குப்பைடா. கம்பளிக்காரன் கடலப் பத்திப் பேசாத."

இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் என்றாலும், ஆடு மேயும் உள்நாட்டில் பிறந்ததால் அவனுக்கு நான் கம்பளிக்காரன்தான்.

ஞாயிற்றுக்கிழமை கேஸும் ரொட்டி மாவும் வாங்க நான் மட்டும் பக்கத்துப் பண்ணைக்காரனின் வண்டியில் போனேன். தூண்டில் இரை விற்கும் கடையில் ஒரு அம்மா இருந்தாள். எங்கே தங்கியிருக்கிறோம் என்று கேட்டாள். சொன்னேன். கல்லாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாறைக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம். மணல்ல."

"எந்த ஊருப்பா நீ?"

"நியூசிலாந்து."

"அதான பாத்தேன். உங்க ஊர்ல கடல் ஆளுயரம் ஏறும், ஆளுயரம் எறங்கும், அவ்வளவுதான். இங்க நிலா பெருக்கப் பெருக்க மூணு மாடி ஏறும்ப்பா. நீங்க வந்தது சின்ன ஏத்தத்துல. புதன்கிழமை பெரிய ஏத்தம், காலைல பதினோரு மணிக்கு. செவ்வாக்கிழமைக்குள்ள வண்டிய மேல ஏத்திரு. போன வருசம் ஒரு ஜெர்மன் ஜோடி அங்கதான் காரைக் கடலுக்குப் பறிகொடுத்துச்சு." சுவரில் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்து மணியைக் காட்டினாள். பதினொன்று பன்னிரண்டு. நான் நன்றாகப் பார்த்தேன்.

இதைச் சொல்லத்தான் நினைத்தேன். வந்தபோது பன்றி எலும்பும் கீரையும் கொதித்துக்கொண்டிருந்தன. பவோரா மாவைப் பிசைந்து எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கடல் இங்க வேற மாதிரின்னு சொல்றாங்க."

"யாரு?"

"இரை விக்கற கடையில ஒரு அம்மா."

"மீன் பிடிக்கறவன்கிட்ட கேக்காம இரை விக்கறவகிட்ட கேட்டியா?" கரண்டியை ஆட்டிச் சிரித்தான். "ஏண்டா, உனக்கு அலை கால்ல பட்டாலே பல்லு கிட்டிக்கும். எங்க அப்பா கூட வலை போட வந்தப்ப படகுக்கு உள்ளயே ஒண்ணுக்குப் போனவன்தானே நீ. ஹூயா வரட்டும், அந்தக் கதைய முதல்ல சொல்றேன்."

அப்போது எனக்கு ஒன்பது வயது. அவன் இதைப் பண்ணையில் எல்லார் முன்னாலும் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

நான் புதன்கிழமை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. பதினொன்று பன்னிரண்டு என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவன் எழுந்திருப்பான். திமிர் பிடித்தவன்தான், முட்டாள் இல்லை. ரொட்டியை எடுத்துக்கொண்டு டென்ட்டுக்குப் போனேன். சக்கரம்வரை நனையட்டும், அப்புறம் யார் கம்பளிக்காரன் என்று பேசலாம் என்று நினைத்தேன். சத்தியமாக, சக்கரம்வரைதான் நினைத்தேன். மேலே ஏற்றுவதென்றால் டயரில் காற்றை இறக்கி, பலகை போட்டு, இரண்டு மணி நேரம் மண் தள்ள வேண்டும். அந்த வேலையும் பாதி என் தலையில்தான் விழும். அதையும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஈரக் களைக்கோடு வேனுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. மேற்குக் காற்று தள்ளியிருக்கிறது என்றான் பவோரா. அவன் கண் கட்டிலில் இருந்தது. திரைச்சீலைக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தான். புதன்கிழமை விடியுமுன், பண்ணை வண்டி ஏறப் போவதற்கு முன்னால் நாங்கள் ஒன்றுக்குப் போக வேனுக்குக் கீழே இறங்கியபோது, என் வெறுங்காலில் மணல் சில்லென்று ஈரமாக இருந்தது. இரவு ஏற்றம் வேனுக்கு இருபதடி வரை வந்து போயிருக்கிறது. பவோரா பூட்ஸ் போட்டிருந்தான். அவனுக்குத் தெரியவில்லை. நான் டென்ட்டைப் பிரித்துச் சுருட்டிப் பாறைக்கு மேலே வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

"ஏண்டா, அதுக்குள்ள டென்ட்ட மாத்திட்ட?"

"எறும்பு" என்றேன்.

இந்த ஒரு சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மற்றதையெல்லாம் கோபம், சோம்பேறித்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பண்ணையில் அன்று சிவப்புக் கல் தரை. கம்பத்தை நான் பிடிக்க அவன் அடிப்பான். பத்துக் கம்பத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வோம். அவன் அன்று பாடிக்கொண்டே அடித்தான். ஒன்பதரைக்கு டீ. பண்ணை முதலாளி டாரிலின் வண்டி வேலியோரம் நின்றது, சாவி அதிலேயே தொங்கியது. கரைக்கு நாற்பது நிமிடம்; அந்த வண்டியில் கட்டி இழுத்தால் மண் தள்ளாமலே வேன் கால் மணியில் மேலே ஏறிவிடும். வேனில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டோம் என்று ஒரு பொய் சொன்னால்கூடப் போதும், டாரில் கொடுத்திருப்பான். பத்து மணிவரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தேகாலுக்கு இனிமேல் போனாலும் பிடிக்க முடியாது என்று ஆனது. வெட்கக்கேடு, அப்போது எனக்கு மனது லேசானது.

"என்னடா பேச்சே இல்ல? வெயிலா?"

"ஆமா."

"தண்ணி குடி. நாளைக்கு அவ முன்னாடி மயங்கி விழுந்து மானத்த வாங்காத."

நாலரை மணிக்கு இறங்கினோம். கடல் மறுபடி எங்கேயோ போயிருந்தது, ஒன்றும் நடக்காதது மாதிரி. வேன் அச்சுவரை மணலில் புதைந்து, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பக்கக் கதவை அலை திறந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் பாதிக்கு மேலே நுரைக் கோடு. உள்ளே முழங்கால் உயரம் சேறு; கட்டில் பிளந்து, இழுப்பறைகள் உப்பி, திரைச்சீலை கம்பியோடு ஸ்டியரிங்கில் சுற்றியிருந்தது. இரண்டு வாளியும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தன. விரல் நீள மீன் ஒன்று மெத்தைக் குழியில் செத்துக் கிடந்தது.

பவோரா வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தான். சாவியைப் போட்டுப் பார்த்தான். ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு பாறையடிக்குப் போனான். நாங்கள் வந்த அன்றே நான் காட்டிய கருத்த களைக்கோட்டின்மேல் புதுக் களை பச்சையாகக் கிடந்தது. அதைக் காலால் தொட்டுப் பார்த்தபடி நின்றான்.

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். என்னவென்று கேட்டாலே சொல்லிவிடுவேன் என்றும் நினைத்தேன்.

திரும்பி வந்து என் தோளில் கை வைத்தான். "மன்னிச்சிருடா தம்பி. நீ அன்னைக்கே சொன்ன. நான்தான் கேக்கல. உன் துணிமணி எல்லாம் போச்சு என்னால."

"பரவால்லண்ணே" என்றேன்.

பரவாயில்லை என்றேன்.

மறுநாள் விமான நிலையத்தில் ஹூயா ஒரே பையோடு வந்தாள். பவோரா கடன் வாங்கிய சட்டையில் நின்று எல்லாவற்றையும் தானே சொன்னான், ஒன்றையும் மறைக்காமல். அவள் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை.

"கட்டில் செஞ்சேன்னியே, அதுவுமா?"

"அதுவும்தான்."

என் பக்கம் திரும்பினாள். "இவனுக்குத்தான் கடல்னா தலைக்கனம். உனக்கும் தெரியலையா ராவிரி? யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

பவோரா முந்திக்கொண்டான். "அவன் சொன்னான் ஹூயா. நான்தான் கேலி பண்ணி வாய அடைச்சேன்."

நான் தரையைப் பார்த்தேன். அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். பண்ணைக் கொட்டகையில், நான்கு வேலையாட்களுக்கு நடுவில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, பதினொரு நாள் இருந்தாள். பிறகு போய்விட்டாள். இப்போது வேறொருவனோடு இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். பவோரா ஊர் திரும்பி மரமறுக்கும் ஆலையில் சேர்ந்தான். கடலுக்கு எதிரே இருக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறான். வலை போடப் போவதில்லை.

போன ஜனவரியில் எங்கள் சொந்தம் எல்லாம் அவன் ஊர்க் கரையில் கூடியது, வருடா வருடம் டென்ட் போட்டுத் தங்குகிற வழக்கம். சித்தப்பாக்கள் அவனைப் பார்த்ததும் நீர்மூழ்கி வந்துட்டான், நீர்மூழ்கி வந்துட்டான் என்று கத்தினார்கள். அவனும் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். டென்ட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். முப்பது வருடம் அவன் கால் பதிந்த மணல் அது. எந்தக் கல்வரை தண்ணீர் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான்.

"எங்க போடலாம் ராவிரி? நீ சொல்லு. எனக்குத்தான் கண்ணு போதாதே."

கேலியாகச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே காத்துக்கொண்டிருந்தான்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். பின்னால் சித்தப்பாக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க" என்று கையைக் காட்டினேன். எனக்கு அந்தக் கரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன் கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அங்கே போய் முளை அடிக்க ஆரம்பித்தான்.