கீழே இருப்பவளின் குட்டி

தாய் ஆட்டை ஏமாற்றிவிடலாம். ஏமாந்த ஆட்டிடமிருந்து குட்டியைத் திரும்ப வாங்குவதுதான் முடியாது.

காலையிலிருந்து ஸ்தாமோ இதை மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள். கைகள் அவை பாட்டுக்கு வேலை செய்தன. செத்துப் பிறந்த குட்டியின் தோலை உரித்து, ஈரம் காயும் முன் தாயில்லாத இன்னொரு குட்டியின் மேல் சட்டைபோல மாட்டி, வயிற்றடியில் முடிச்சுப் போட்டாள். அதைக் குட்டி இழந்த ஆட்டின் பின்னால் கொண்டுபோய் விட்டாள். ஆடு திரும்பி மோந்து பார்த்தது. சந்தேகத்தோடு மறுபடியும் மோந்தது. பிறகு அதன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாய் திறக்காத, தாழ்ந்த சத்தம். தன் குட்டி என்று நம்பியதைத் தவிர வேறு எதற்கும் ஆடு அந்தச் சத்தத்தைக் கொடுக்காது.

"சேத்துக்கிச்சு பாருங்க," என்றான் அவள் கணவன் தீமியோஸ், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "இவ கை பட்டா பாறைகூடப் பால் குடுக்கும்."

வேறொரு நாளாக இருந்தால் அவனுக்குச் சுடச்சுட ஏதாவது பதில் கொடுத்திருப்பாள். இன்று அவன் தனியாக வரவில்லை. ஆட்டுக்கிடைத் தலைவர் ஸீஸிஸ் கூட நின்றிருந்தார். அவர் கக்கத்தில் ஒரு துணிமூட்டை. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சமீபத்தில் காய்ச்சலில் இறந்துபோன அவருடைய பேத்தியின் உடுப்பு.

ஆர்வேனா மலையில் அந்தக் குளிர்காலம் பனியே விழவில்லை. குகை வாயிலிலிருந்து இறங்கும் ஊற்று நூலாக இளைத்துவிட்டது. ஆடுகளின் மடி வற்றிக்கொண்டு வந்தது. ஆர்வேனாக்காரர்களுக்கு ஊற்று என்பது குகைக்குக் கீழே இருப்பவளின் பால். அவளுடைய ஒரே மகளைப் பூமிக்கடியில் ஆள்கிற அரசன் இழுத்துக்கொண்டு போனான். தேடி இறங்கியவளுக்கு மகளின் உடுப்பு மட்டுமே கிடைத்தது. அவள் மேலே திரும்பவேயில்லை. துக்கம் மூளுகிற வருடங்களில் அவளுக்குப் பால் நின்றுவிடும். அப்போது ஆர்வேனாக்காரர்கள் ஆட்டுக்குச் செய்வதையே அவளுக்கும் செய்வார்கள். இறந்த சிறுமியின் உடுப்பை உயிரோடிருக்கும் சிறுமியின் மேல் வைத்துத் தைத்து, உச்சிவேளையில் குகை வாயிலில் உட்கார்த்தி வைப்பார்கள். உயிரோடிருப்பவளைப் பெற்றவள் கையால்தான் தைக்க வேண்டும்.

ஸ்தாமோவின் மகள் ராலுவுக்கு ஆறு வயது. இறந்த பேத்தியின் அதே அளவு.

"உக்காருங்க மாமா," என்றாள் ஸ்தாமோ. "மோர் கொண்டு வரேன்."

"மோரெல்லாம் அப்புறம். உச்சி நெருங்குதும்மா." அவர் குரல் அன்பாகத்தான் இருந்தது. அதுதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது. "இப்ப உக்காத்தி வச்சா பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவா. எந்தப் பிள்ளைய அவ திருப்பி அனுப்பாம இருந்திருக்கா? உன் நாத்தனாரே சாட்சி. போனா, வந்தா, குத்துக்கல்லு மாதிரி இருக்கா."

ஓக் மரத்தடியில் தீமியோஸின் தங்கை அசீமோ பாலாடைக்கட்டிக்குத் திரியவைத்த பாலைத் துணியில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். சிறுமியாக இருந்தபோது அவள் குகை வாயிலில் உட்கார்ந்துவிட்டு வந்தவள். நடந்தேதான் வந்தாள், ஒரு கீறலும் இல்லாமல். அதற்குப் பிறகு பெற்றவளை அவள் அம்மா என்று கூப்பிட்டதில்லை. சாகிற நேரத்தில் ஒரே ஒரு தடவை கூப்பிடச் சொல்லி அந்தத் தாய் கெஞ்சினாள். அசீமோ பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ வழிப்போக்கருக்குக் கொடுப்பதுபோல மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தாள். உச்சிவேளை வந்தால் மட்டும் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டுக் குகைப் பக்கம் திரும்பி நிற்பாள். கிடையில் அது ஒரு கேலி. "அசீமோ திரும்பிட்டா, உச்சியாச்சு, ரொட்டிய எடுங்கடா!"

ஸ்தாமோவும் அதற்குச் சிரித்திருக்கிறாள். எப்படிச் சிரித்தோம் என்று இப்போது நினைத்தாள்.

"உன் தங்கச்சியப் பத்தி நீயே சொல்லுய்யா," என்றாள் கணவனிடம். "நல்லாவா இருக்கா?"

"அவளுக்கு என்ன கொறச்சல்? மூணு வேளையும் திங்கறா." அவன் தங்கையின் பக்கம் பார்க்கவில்லை. "அவ போன மறுநாளே ஊத்து பொங்குச்சு, நான் பாத்தேன். ஆடெல்லாம் செத்து விழுந்தா எத வச்சுப் பொழைக்கறது? ராலுவும் சேந்துதான் சாவா, யோசிச்சியா?"

அவள் யோசித்தாள். பயம் நெஞ்சில் இல்லை, விரல் நுனிகளில் இருந்தது. அவள் கட்டிய தோலை எந்த ஆடும் இதுவரை தள்ளியதில்லை. ஊசியைக் கொடுத்தால் இந்தக் கை பிசகில்லாமல் தைத்துவிடும். மனசு கதறிக்கொண்டிருக்கும்போதே தைத்துவிடும். குகைக்குள் இருப்பவளைவிடத் தன் கையிடம்தான் அவள் அதிகம் பயந்தாள்.

அசீமோ எழுந்து வந்தாள். மூட்டையைத் தானே அவிழ்த்து, உடுப்பை மூக்கில் வைத்து இழுத்தாள்.

"வாசம் போகல. சேத்துக்குவா," என்றாள்.

"கேட்டியா?" என்றார் ஸீஸிஸ்.

ஸ்தாமோ மெல்லக் கேட்டாள். "அசீமோ, உன்ன அவ எப்படி விட்டா?"

அசீமோ சிரித்தாள். குழந்தை கேட்கும் கேள்விக்குச் சிரிப்பதுபோல. "விட்டாளா? யாரு சொன்னது? மேய விட்டிருக்கா அண்ணி. காலைல நீ ஆட்டப் பத்தி விடுறதில்லையா? கூப்பிட்டா நான் போகணும்."

"கிறுக்குப் பேச்சு," என்றார் ஸீஸிஸ். ஆனால் உடுப்பை அவசரமாக அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

அப்போது மணிகள் நின்றன. ஒவ்வொன்றாக இல்லை, மலைச்சரிவில் மேய்ந்த அத்தனை ஆடுகளின் கழுத்து மணியும் ஒரே நேரத்தில். ஆடுகள் தலை தூக்கி ஒரே பக்கம் பார்த்து நின்றன. வெயில் உச்சந்தலையில் இருந்தது. யாருக்கும் காலடியில் நிழல் இல்லை.

குகையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. வாய் திறக்காத, தாழ்ந்த சத்தம்.

அசீமோ அதற்குப் பதில் கொடுத்தாள், மெல்லிசாக, குட்டியின் குரலில்.

வேலியோரம் ஓக் கொட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த ராலு நிமிர்ந்தாள். "அம்மா, யாரு என்னையக் கூப்பிடறது?"

"யாருமில்ல. இங்க வா."

குழந்தை உடனே வரவில்லை. குகையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். எந்தப் பக்கம் போவது என்று அவள் கால்கள் தயங்கியதை ஸ்தாமோ கண்டாள். உடுப்பைப் போடாமலே குகைக்குள் இருப்பவளுக்கு ராலுவைத் தெரிந்திருக்கிறது. ஆர்வேனாக்காரர்கள் அவளை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. அவளுக்கு வேண்டியது வாசம் இல்லை. பெற்றவள் தன் கையால் கொடுக்க வேண்டும், அதுதான் வேண்டும்.

ஸ்தாமோ ஓடிப்போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வலிக்குதும்மா, விடு."

விடவில்லை. ஸீஸிஸ் சட்டை மடிப்பிலிருந்து நூல் கோத்த ஊசியை உருவி நீட்டினார். "கூப்பிட்டுட்டா. இதுக்கு மேல தாமசம் பண்ணா ஊருக்கே ஆகாது. தையி மகளே."

தீமியோஸ் தரையைப் பார்த்து நின்றான்.

அவளுடைய வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசி பிடிக்கிற அளவுக்குத் தாமாகவே விரிந்திருந்தன. ஸ்தாமோ அதைப் பார்த்தாள். விரல்களை மடக்கி, அந்தக் கையைக் கக்கத்துக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தைக்க மாட்டேன் மாமா," என்றாள்.