கைக்குத் தட்டுப்பட்டது

1

இந்தக் கதை நேற்று என் அண்ணி கேட்ட கேள்வியில் பிறந்தது. "உன் கைக்கு ஒண்ணுமே தட்டுப்படலையா?" எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். வாயில் வராததை எழுதிப் பார்க்கிறேன். நான் ஆஸ்டியோபதி செய்பவள். மருந்தில்லாமல், கையாலேயே எலும்பையும் தசையையும் பிடித்துச் சரிசெய்வது என் தொழில்.

2

'உடம்பு ஒரு கூட்டுக்குடும்பம், ஒருவர் முறுக்கிக்கொண்டால் இன்னொருவர்'

வேண்டாம். இருபது வருடமாக எல்லோரிடமும் அளந்துவிட்ட வசனம். இப்போது கேட்டால் எரிச்சல் வருகிறது.

வேறு தொடக்கம். அண்ணன் பஸ் டிரைவர். முதுகுவலி என்று வந்தார்.

"இங்கதாம்மா வலிக்குது."

"வலிக்கிற இடத்துல காரணம் இருக்காதுண்ணே. கிளட்ச் மிதிக்கிற காலைக் காட்டுங்க."

"பல்வலின்னு வந்தா பாதத்தைப் பிடிப்ப போல."

கணுக்காலில் பழைய சுளுக்கு இருந்தது. சொன்னது பலித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது வாரம் காலையும் இடுப்பையும் பிடித்தேன். (நடை நன்றாகவே தேறியது. அதுதான் கொடுமை.)

3

(இந்தப் பகுதியை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறேன்.)

மூன்றாம் வாரம், முதுகெலும்பில் ஒரே ஒரு இடத்தைத் தொட்டதும் துள்ளினார். "படுத்தாலும் விடல" என்றார். ஓய்விலும் விடாத வலி என்றால் உடனே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்று எங்களுக்கு முதல் வருடமே சொல்லித்தந்தார்கள். நான் கணுக்காலுக்குத் திரும்பினேன். நான் சொன்னதே சரி என்று காட்ட அவ்வளவு ஆசை.

ஒன்பது வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது புற்றுநோய் அந்த எலும்பைத் தின்றிருந்தது. இப்போது அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இன்னும் சில வாரம்தான் என்கிறார் டாக்டர்.

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். அண்ணி என்னை வாசலோடு நிறுத்துகிறார். அண்ணனைக் கடைசியாகப் பார்க்கவும் விடவில்லை.

முடிவு இரண்டு: அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "அவகிட்ட சொல்லித் தொலைக்காதே. எனக்கப்புறம் அவளுக்கு நீ ஒருத்திதான்" என்கிறார்.

(இது நான் இட்டுக்கட்டியது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதி.)

5

இன்று காலை அண்ணி என் சிகிச்சை அறைக்கு வந்து கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டார். அண்ணனைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டதாம்.

"எங்க வலிக்குதுன்னு நான் சொல்லல. உன் கைக்கே தெரிஞ்சிடும்."

கையை வைத்தேன். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நேற்று அவர் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். முகம் கீழே இருக்கிறது, உங்களைப் பார்க்க மாட்டார்.